செம்புராங்கல் பொட்டலில் புதர்ச்செடி: விதையா, நாற்றா?

பொட்டல்காடு: என் நிலம் தேவகோட்டைப் பக்கம், சீமைக்கருவேலம் எடுத்த 2 ஏக்கர். ஒரு முழம் தோண்டினால் செம்புராங்கல், கடப்பாரை 'ணங்'குன்னு நிக்குது. பாசன வசதி கிடையாது. மண் கரையாமல் பிடிக்கப் புதர் வேணும்.

ஊருணிக்கரை: ஆவாரை, விராலி ரெண்டையும் நேரடியா விதைங்க. ஆவாரை விதைத்தோல் கெட்டி. கொதிச்சு இறக்கின தண்ணியை ஊத்தி, ராத்திரி முழுக்க அதுலயே ஊறட்டும். அடுப்புல வச்சே காய்ச்சினா முளை வெந்துடும். புரட்டாசிக் கடைசியில குழிக்கு 5 விதை, அரை அங்குல ஆழம்.

சரளைமேடு: ஊறின விதையைக் காய்ஞ்ச மண்ணுல போட்டு, மழை 10 நாள் தள்ளினா அத்தனையும் போச்சு. நாத்துதான் சரி. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, மக்கின எரு 2 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். பச்சைச் சாணி போட்டா கரையான் வரும்.

ஊருணிக்கரை: அண்ணே, அதுக்குத்தான் பாதி ஊறினது, பாதி ஊறாதது கலந்து போடணும். முதல் பாதி ஏமாந்தாலும் மத்தது மண்ணுல காத்துக் கிடக்கும். உங்க குழி செம்புராங்கல்ல உரல் மாதிரி. கார்த்திகை அடைமழையில தண்ணி வடியாம வேர் அழுகும்.

சரளைமேடு: அது குழி வெட்டினவன் தப்பு. சரிவுப் பக்கத்து விளிம்பைக் கடப்பாரையால உடைச்சு விடணும், சுவரையும் கொத்தி விடணும். பையைக் கிழிச்சு, அடியில சுருண்ட வேரை நறுக்கிட்டு நடுங்க. காரை, சங்கஞ்செடி மாதிரி முள்புதர் எல்லாம் விதைச்சா வர்றது நிச்சயமில்லை. பக்கத்துலயே காரைக்குடின்னு ஊரை வச்சுக்கிட்டு காரையை விட்டுடறதா?

மணல்தேரி: ராஜஸ்தான் பாலைவனத்து 'போக்' செடி போடலாமே? தண்ணியே கேக்காது.

ஊருணிக்கரை: அது தார் மணல்மேட்டுச் செடி தம்பி. இங்க ஆண்டு மழை சுமார் 900 மி.மீ. அதுல நிறைய ஓடிப்போறதுதான் குறை. சரிவுக்குக் கீழ்ப்பக்கம் பிறைவடிவ வரப்பு, 2 மீட்டர் அகலம், ஒரு சாண் உயரம். விதை அதோட உட்சரிவுல, தண்ணி தேங்கற அடியில இல்லை.

சரளைமேடு: வரப்புக்கு மறுப்பில்லை. ஆனா ஆடு? ஆவாரை, விராலியைப் பெரும்பாலும் சீண்டாது; காரையை மொட்டையடிச்சிடும். வெட்டின கருவேல முள்ளையே காரை நாத்தைச் சுத்திப் போடுங்க, நெத்து இல்லாத கிளையா பாத்து. அடிக்கட்டையைத் தரைக்கு மேல வெட்டி விட்டிருந்தா அதை முதல்ல தோண்டி எடுங்க, தை மாசத்துக்குள்ள துளிர்த்து ஆவாரையை மூடிடும்.