எழுதியவருக்கா, பேசியவருக்கா? பிபிசி வானொலி நகைச்சுவை பற்றி ஒரு சண்டை

மர்பி_மாமா:
போன வாரம் வேறொரு இழையில் குரல்வளை ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். வானொலி நகைச்சுவையில் நடிகர்தான் எல்லாம், எழுதுகிறவர் காகிதம் கொடுப்பதோடு சரி என்று. அங்கேயே பதில் சொன்னால் இழை திசைமாறிவிடும், அதனால் தனியாகத் திறக்கிறேன். முப்பது வருடமாக பிபிசியின் பழைய நிகழ்ச்சிகளைக் கேட்டு வருகிறேன், முதலில் கேசட், அப்புறம் சிடி, இப்போது ஃபோன். என் கணக்கில் எழுத்து எழுபது, குரல் முப்பது.

'கூன் ஷோ' என்ற பிபிசி வானொலி நகைச்சுவையை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இலிருந்து 1960 வரை ஓடியது. பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகோம்ப், ஸ்பைக் மில்லிகன் என்று மூன்று பேர் பெயரையும் சொல்கிறோம், ஆரம்பத்தில் மைக்கேல் பென்டைனும் இருந்தார். ஆனால் வாராவாரம் உட்கார்ந்து மண்டையைப் பிளந்துகொண்டு எழுதியவர் மில்லிகன். கூட லாரி ஸ்டீஃபன்ஸ், எரிக் சைக்ஸ் போன்றவர்கள் தோள் கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு கதையில் டார்ட்மூர் சிறைச்சாலையையே கடலில் மிதக்கவிட்டு பிரான்ஸ் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். 1956இல் இதை எந்த டிவியில் எடுத்திருக்க முடியும்? அது எழுத்தில் பிறந்த யோசனை. குரல் அதை ஏற்றிக்கொண்டு போன வண்டி, அவ்வளவுதான்.

குரல்வளை:
நான் "காகிதம் கொடுப்பதோடு சரி" என்று எழுதவில்லை மாமா, "காகிதம் பேசாது" என்றுதான் எழுதினேன். சரி, வித்தியாசம் அதிகம் இல்லை, விடுங்கள்.

பத்து வருடமாக டப்பிங்கில் இருக்கிறேன், இது எனக்குச் சோற்றுப் பிரச்சினை, அதனால் சூடாகத்தான் பேசுவேன். நீங்கள் கொண்டுவந்த கூன் ஷோவையே எடுப்போம். 1959இல் ஒரு வாரம் செல்லர்ஸுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. அவர் இடத்தை நிரப்ப எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நான்கு பேர். கென்னத் கானர், வாலன்டைன் டையல், கிரஹாம் ஸ்டார்க், ஜாக் ட்ரெய்ன். ஒரு தொண்டைக்கு நான்கு தொண்டை! மறுபக்கம், 1952 கடைசியில் உங்கள் மில்லிகன் மனம் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நிகழ்ச்சி நின்றதா? இல்லை. மற்றவர்கள் எழுதினார்கள், மில்லிகன் பேச வேண்டிய குரல்களையும் சேர்த்து செல்லர்ஸ் பேசினார். எழுதியவர் இல்லாமல் ஓடிய நிகழ்ச்சி, நடிகர் ஒரு வாரம் இல்லையென்றதும் ஆள் திரட்ட ஓடியிருக்கிறது.

மர்பி_மாமா:
நான்கு பேர் என்பது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வாரம் நிகழ்ச்சி நடந்தது இல்லையா? ஆள் மாறியும் வண்டி ஓடியது.

சரி, ஹான்காக்குக்கு வாருங்கள், உங்கள் கட்சி அங்கேதான் உதைபடும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' 1954இலிருந்து 1959 வரை வானொலியில் வந்தது. கிழக்கு சீம், 23 ரயில்வே கட்டிங்ஸ் என்ற முகவரியில் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கும், தன்னை மேதை என்று நினைத்துக்கொள்ளும் ஒரு ஆள், டோனி ஹான்காக். எழுதியவர்கள் ரே கால்டன், ஆலன் சிம்ப்சன். இந்த இரண்டு பேரும் காசநோய் மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் என்பது போலப் பழகி எழுத்தாளர்களானவர்கள், அதுவே ஒரு தனிக் கதை. 1955இல் இரண்டாவது தொடர் தொடங்கும்போது ஹான்காக் வரவில்லை. முதல் மூன்று வாரம் ஹாரி சீகோம்ப் அவர் இடத்தில் நின்று பேசினார். தலைப்பில் பெயர் இருக்கும் ஆளே இல்லாமல் மூன்று வாரம்! 1961இல் ஹான்காக் இந்த எழுத்தாளர்களைக் கைகழுவினார். அவர்கள் அடுத்த வருடமே 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற டிவி நகைச்சுவைத் தொடரை எழுதி மேலே போனார்கள். அவர் கீழே இறங்கிக்கொண்டே போய் 1968இல் சிட்னியில் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 44. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சும்மா_வந்தேன்:
ஒருவர் தற்கொலை செய்துகொண்டதை "எழுத்து 1, குரல் 0" என்று புள்ளி போடுவது கொஞ்சம் அதிகம் மாமா.

மர்பி_மாமா:
நியாயம். அந்தக் கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். குடி, மனச்சோர்வு எல்லாம் இருந்தது. ஆனால் வேலை சரிந்தது எழுத்தாளர்களை விட்ட பிறகுதான், அதில் மாற்றமில்லை.

குரல்வளை:
ஹான்காக்கை வைத்தே பேசுகிறேன். 1958இல் ஒரு அத்தியாயம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒன்றும் செய்ய இல்லாமல் உட்கார்ந்திருப்பது. கதை அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஒரு கொட்டாவி, ஒரு பெருமூச்சு, அப்புறம் அமைதி, மறுபடி பெருமூச்சு. காகிதத்தில் அதை எப்படி எழுதுவீர்கள்? ஒரு சொல்லும் இரண்டு புள்ளியும் இருக்கும். அந்தப் பெருமூச்சின் நீளத்தை முடிவு செய்தவர் யார்? வானொலியில் மூன்று வினாடி சத்தமில்லை என்றால் பெட்டி பழுதா என்று எழுந்து தட்டிப் பார்த்த காலம் அது. அந்த அமைதியைத் துணிந்து இழுத்துப் பிடித்து, அதற்கே அரங்கத்தைச் சிரிக்க வைத்தது தொண்டை, பேனா இல்லை. சுவரில் ஒட்டிய காகிதத்தின் பூவேலையில் மனித முகம் தெரிகிறது என்று ஒரு இடம் வரும், நான் கேட்டபோது என் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன், இது சத்தியம்.

இன்னொன்று. 1961இல் டிவியில் ரத்ததானம் பற்றிய அவருடைய பிரபலமான அத்தியாயம். கார் விபத்துக்குப் பிறகு வசனம் மனப்பாடம் செய்ய முடியாமல் கேமராவுக்குப் பக்கத்தில் எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தார். கண் எங்கேயோ போவது இப்போது பார்த்தாலும் தெரியும். ஆனால் கண்ணை மூடிக் கேளுங்கள், ஒரு குறையும் இல்லை. வானொலி நடிகர் என்றால் இதுதான், தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே அப்போதுதான் தோன்றியது போலச் சொல்வது. அது தனி வித்தை, மனப்பாடம் செய்து நடிப்பதைவிட லேசு இல்லை.

பாதாளரயில்:
வணக்கம், லண்டனிலிருந்து. இரண்டு பேரும் தாள், தாள் என்று கதைக்கிறீர்கள், நான் தாளைக் கண்ணால் பார்த்தவன், அதனால் ஒரு விஷயம் சொல்லலாம் என்று வந்தேன்.

பிபிசி நகைச்சுவைப் பதிவுகளுக்கு ரிக்கெட் இலவசம். விண்ணப்பித்துக் கிடைத்தால் போகலாம், வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் போர்ட்லண்ட் பிளேஸில் இருக்கும் ரேடியோ தியேட்டரில் ஒரு பதிவுக்குப் போனேன். மேடையில் செற் ஒன்றும் இல்லை. நாலைந்து மைக், பின்னால் கதிரைகள், நடிகர்கள் கடைக்குப் போகிற உடுப்பில் வந்து நிற்கிறார்கள். தன் முறை வந்தால் எழும்பி மைக்குக்கு வருவார்கள், முடிந்ததும் பூனை மாதிரிப் போய் இருப்பார்கள். ஒருவர் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட வேண்டிய இடத்தில் ஓர் அடி பின்னால் போய்த் தலையை மட்டும் திருப்பினார், கேட்கிறவனுக்கு அங்கே ஒரு வீடே கட்டியாகிவிட்டது. பக்கம் புரட்டும் சத்தம் வராமல் தாளை ஓரத்தில் பிடித்து மெதுவாக ஒதுக்குவதைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயம். ஒரு பகிடிக்குச் சனம் அரைகுறையாய்த்தான் சிரித்தது. கடைசியில் தடுமாறிய இடங்களைத் திரும்ப எடுத்தார்கள், அதில் இந்த வரியும் இருந்தது. இடையில் எழுதினவர் வந்து நடிகரின் தாளில் பென்சிலால் ஒரே ஒரு சொல்லை வெட்டினார். இரண்டாம் தரம் சொன்னபோது அரங்கம் இடிந்தது, ஏற்கனவே கேட்ட பகிடிக்கு!

மர்பி_மாமா:
ஆகா! தம்பி, உமக்கு ஒரு காப்பி என் கணக்கில். ஒரே சொல்.

குரல்வளை:
நில்லுங்கள். சொல்லை வெட்டியது எழுத்தாளர், சரி. அதை வெட்ட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நடிகர் வாயில் அது இடறியதைக் கேட்டதால். தாளில் அந்தச் சொல் வாரக்கணக்கில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்திருக்கும்.

சும்மா_வந்தேன்:
நான் வேறு ஒன்று கேட்கிறேன். செல்லர்ஸ், செல்லர்ஸ் என்கிறீர்களே, கூன் ஷோவில் லால்காக்கா, பானர்ஜி என்று இரண்டு இந்தியர்கள் வருவார்கள், ஒன்று செல்லர்ஸ், ஒன்று மில்லிகன். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. மில்லிகன் அகமத்நகரில் பிறந்து புனேயிலும் ரங்கூனிலும் வளர்ந்தவர், செல்லர்ஸ் போர்க்காலத்தில் விமானப்படைக் கலைக்குழுவோடு இந்தியா, இலங்கை, பர்மா சுற்றியவர், காது கூர்மைதான். ஆனால் நம்மைப் பார்த்துச் செய்த மிமிக்ரி நமக்கு எதற்கு?

பாதாளரயில்:
அதற்குப் பதில் அதே வானொலியில் வந்ததுதானே. 1996இல் பிபிசியின் ரேடியோ 4இல் 'குட்னெஸ் கிரேஷஸ் மீ', இந்திய வம்சாவளி பிரிட்டிஷ்காரர்களே செய்த நகைச்சுவை, சஞ்சீவ் பாஸ்கர், மீரா சயல், குல்விந்தர் கிர், நீனா வாடியா. இரண்டு வருடம் கழித்து டிவிக்குப் போனது. இந்தியக் கூட்டம் ஒன்று குடித்துவிட்டு இங்கிலீஷ் உணவகத்துக்குப் போய், இருப்பதிலேயே காரமில்லாத சாப்பாட்டைக் கேட்டு அட்டகாசம் பண்ணும். வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமை இரவு கறிக்கடையில் செய்வதை அப்படியே புரட்டிப் போட்டது. நான் அந்த மாதிரிக் கறிக்கடையில் வேலை செய்தவன், எனக்கு அது பகிடி மட்டும் இல்லை.

குரல்வளை:
அதே நால்வர் குரலில்தான் அது நிற்கிறது, கவனியுங்கள். சும்மா_வந்தேன் சொல்வது சரி, குரல் இருந்தால் போதாது, யார் குரல் என்பதும் உண்டு.

நடிகர் கென்னத் வில்லியம்ஸை யாரும் இன்னும் எடுக்கவில்லையே? 'ரவுண்ட் தி ஹார்ன்', 1965 முதல் 1968 வரை. ஜூலியன், சாண்டி என்று ஒருபாலுறவுக்காரர் இரண்டு பேர், ஜூலியன் ஹியூ பாடிக், சாண்டி வில்லியம்ஸ். ஒருபாலுறவு சட்டப்படி குற்றமாக இருந்த காலம், இங்கிலாந்தில் 1967இல்தான் சட்டம் மாறியது. அந்தக் காலத்தில் ஞாயிறு மத்தியானம் குடும்பமே சாப்பிடும் நேரத்தில் இந்த இருவரும் ஒருபாலுறவுக்காரர் தங்களுக்குள் பேசிய பொலாரி என்ற ரகசியப் பேச்சில் இரட்டை அர்த்தமாகக் கொட்டுவார்கள். தெரிந்தவர் ஒன்றுக்குச் சிரிப்பார், தெரியாதவர் குரலுக்குச் சிரிப்பார். எழுதியவர்கள் பேரி டுக், மார்ட்டி ஃபெல்ட்மன், திறமைசாலிகள்தான். ஆனால் ஃபெல்ட்மன் டிவிக்குப் போனதும் நான்காவது தொடரை டுக்கோடு வேறு மூன்று பேர் சேர்ந்து எழுதினார்கள், வழக்கமாகக் கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மர்பி_மாமா:
தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. நான்காவது தொடர் ஒரு மாற்றுக் குறைவு.

ஆனால் ரவுண்ட் தி ஹார்னில் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிறாரே, அவரை மறந்துவிட்டீர்கள். கென்னத் ஹார்ன். ஒரு பொம்மைக் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த வியாபாரி, 1958இல் பக்கவாதம் வந்த பிறகுதான் முழுநேரமும் இந்தப் பக்கம் வந்தார். வேடிக்கைக் குரல் கிடையாது, பெரியப்பா மாதிரிப் பேசுவார். மற்றவர்கள் ஆடுவார்கள், அவர் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். 1969 பிப்ரவரியில் ஒரு விருது விழா மேடையில் சரிந்து இறந்தார். ஐந்தாவது தொடரைக் கைவிட்டார்கள். வில்லியம்ஸ், பாடிக் இருவரையும் வைத்து வேறு பெயரில் ஒன்று நடத்திப் பார்த்தார்கள், இரண்டு தொடரோடு முடிந்தது. உங்கள் மகா குரல்கள் அங்கேயே இருந்தும் நிற்கவில்லை.

குரல்வளை:
மாமா, ஹார்ன் எழுத்தாளரா? அவரும் மைக் முன்னால் நின்றவர்தானே! இதை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன், நன்றி.

சும்மா_வந்தேன்:
:) மாமா தன் கோலில் தானே பந்தை அடித்துவிட்டார்.

எழுத்தே இல்லாத நிகழ்ச்சியும் உண்டே. 'ஜஸ்ட் எ மினிட்', 1967 முதல். ஒரு தலைப்பைக் கொடுத்து அறுபது வினாடி, தயங்காமல், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தலைப்பை விட்டு விலகாமல் பேச வேண்டும். நிக்கலஸ் பார்சன்ஸ் அரை நூற்றாண்டு தலைவர் நாற்காலியில் இருந்தார். அங்கே எழுபது, முப்பது எப்படி?

மர்பி_மாமா:
அந்த மூன்று விதியைச் செய்த இயான் மெஸிட்டர்தான் எழுத்தாளர். விதி இல்லையென்றால் அது வெட்டிப்பேச்சு.

ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். ஹான்காக் அத்தியாயங்களில் சிலவற்றின் ஒலிப்பதிவை பிபிசி அந்தக் காலத்தில் காப்பாற்றவில்லை, வசனம் மட்டும் மிஞ்சியது. 2014இலிருந்து அவற்றைக் கெவின் மெக்நல்லியை ஹான்காக்காக வைத்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள், 'மிஸ்ஸிங் ஹான்காக்ஸ்'. அறுபது வருடம் கழித்து, வேறு ஆட்கள், வேறு சனம், சிரிப்பு வந்தது. குரல் அழிந்தது, எழுத்து நின்றது. முடிந்தது கதை.

குரல்வளை:
மெக்நல்லி எப்படிப் பேசினார்? ஹான்காக் மாதிரி! அவர் இழுவை, அவர் மூச்சு. ஏன் தன் சொந்தக் குரலில் பேசவில்லை? அந்த வசனம் அந்தத் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்பதால்.

பாதாளரயில்:
என் மகனுக்கு 14 வயது, ஹான்காக் என்ற பெயரே தெரியாது. நேற்று இரவு காரில் மெக்நல்லி பதிவு ஒன்றைப் போட்டேன், விக்கல் வரும் வரை சிரித்தான். பிறகு பழைய ஞாயிற்றுக்கிழமை அத்தியாயம். முதல் அமைதியில் "அப்பா, ஃபோன் கட்டாகிவிட்டது" என்றான். இரண்டாவது அமைதியில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் சிரித்தான்.

மர்பி_மாமா:
முதலில் சிரித்தது மெக்நல்லிக்கு. குறித்துக்கொள்ளுங்கள்.

குரல்வளை:
சொல்லே இல்லாத இடத்தில் சிரித்திருக்கிறான். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

சும்மா_வந்தேன்:
பையன் என்ன சொல்கிறான்?

பாதாளரயில்:
அவனுக்கு இரண்டும் கிழடு. 'கேபின் பிரஷர்' என்ற வானொலி நகைச்சுவையைக் கேட்கத் தொடங்கிவிட்டான், ஒரே ஒரு விமானம் வைத்திருக்கும் கம்பெனி, பெனடிக்ட் கம்பர்பேட்ச், ரோஜர் அலம். எழுதின ஜான் ஃபின்னமோர் அதில் விமானப் பணியாளாகவும் நடிக்கிறார், அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்களோ தெரியாது. அத்தியாயப் பெயர்கள் ஏ முதல் இசட் வரை ஊர்ப் பெயர்கள். இன்று காலை பள்ளிக்கூடம் போகும்போது அபுதாபி முடிந்தது, சூரிச் வரை நான்தான் கார் ஓட்ட வேண்டும்.