வர்ணனையாளர் எப்போது மைக்கைக் கீழே வைக்க வேண்டும்?

சாட்ஸ்வொர்த்காரன்:
டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முடிவுக்கோட்டுப் பக்கம் நின்று கூட்டத்துக்கு மைக்கில் அறிவிக்கும் வேலையை டானியேல் மான்ஜாஸ் 1974இல் தொடங்கி 2014இல் விட்டார். நூற்றுச் சொச்சம் வீரர்கள் வந்து நின்றாலும், இவன் எந்த ஊர், எந்த வருஷம் எங்கே ஜெயித்தான் என்று மனப்பாடமாகக் கொட்டுவார். அவர் ஓய்வு பெற்றதிலிருந்தே என் மனசில் ஓடுகிற விஷயம் இது. ஆங்கில வர்ணனை என்றால் நமக்கு ஃபில் லிகெட், பால் ஷெர்வன். ஷெர்வன் 2018 டிசம்பரில் உகாண்டாவில் காலமானார். லிகெட் 1943இல் பிறந்தவர், 1973இலிருந்து இந்தப் பந்தயத்தைப் பேசியவர். இந்த மாதிரிப் பழைய ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "வயசாச்சு, போதும், இளையவர்களுக்கு விடுங்கள்" என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குரல் இருக்கிற வரைக்கும் பேசட்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஜோபர்க் தம்பி:
நான் மறுக்கிறேன் அண்ணே. மரியாதை வேறு, வேலை வேறு. வர்ணனையாளரின் முதல் வேலை யார் போகிறான் என்று சரியாகச் சொல்வது. ஒரு அணியில் எட்டுப் பேர் ஒரே நிறச் சட்டை, ஒரே ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் முதுகு மட்டும்தான் தெரியும், அதில் ஆளை மாற்றிச் சொன்னால் கேட்பவன் கதையையே தப்பாகப் புரிந்துகொள்கிறான். பெரிய வீரனை மாற்றிச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் திருத்திவிடுவார்கள். ஆனால் எரித்ரியாவிலிருந்தோ ருவாண்டாவிலிருந்தோ வந்த ஒரு பையன், வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் முன்னால் தப்பி ஓடுகிறான், அன்றைக்கு அவன் பேரைக் குதறிவிட்டால் அவனுக்கு யார் ஈடு கொடுப்பது? எரித்ரியாவின் பினியம் கிர்மாய் 2024 டூரில் மூன்று நாள் பந்தயங்களை ஜெயித்து, புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை வாங்கினான். அந்த மாதிரிப் பையன்களின் பேரை முதல் நாளிலிருந்தே ஒழுங்காகச் சொல்கிற ஆள் வேண்டும். பிள்ளை, நாயுடு என்ற பேர்களே இந்தத் தென்னாப்பிரிக்க ஆபீஸ்களில் என்ன பாடு பட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய விஷயம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை டூரை ஏழு தடவை ஜெயித்ததாகச் சொன்னார்கள், ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் ஏழும் பறிபோனது. அத்தனை வருஷமும் மைக்கில் இருந்தவர்கள் கேள்வி கேட்டார்களா? வீரர்களோடு ரொம்ப நெருங்கிப் பழகிவிட்டால் வாய் கட்டிப்போகிறது.

சாட்ஸ்வொர்த்காரன்:
ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் அவர்களுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன் தம்பி. ஆனால் அதற்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்? அப்போது இளவட்ட நிருபர்களும்தான் வாயைத் திறக்கவில்லை.

ஆளை அடையாளம் காண்பதைப் பற்றிச் சொன்னாய். 1987 டூர், லா பிளான் மலை ஏற்றம். டெல்காடோ, மொத்தத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையில் முன்னால் போகிறார், அவருக்குப் போட்டியான ஸ்டீபன் ரோச் ரொம்பப் பின்தங்கிவிட்டார், கேமரா ஒன்றுகூட ரோச் பக்கம் இல்லை. இப்போது மாதிரி ஜிபிஎஸ் வைத்து திரையில் இடைவெளி காட்டும் காலமும் இல்லை. டெல்காடோ கோட்டைத் தாண்டுகிறார், பின்னாலேயே வளைவு திரும்பி ஒரு உருவம் வருகிறது. அது ரோச் என்று லிகெட் கண்டுபிடித்து, தன் கண்ணையே நம்ப முடியாமல் மறுபடி மறுபடி அந்தப் பேரைக் கத்துகிறார். வித்தியாசம் வெறும் நாலு விநாடி. கோட்டைத் தாண்டியதும் ரோச் சுருண்டு விழுந்து ஆக்சிஜன் வைத்தார்கள். கடைசியில் பந்தயத்தையே 40 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தக் குரலில் இருந்த திடுக்கிடலை எந்த டேட்டா கொடுக்கும்? எதிர்பாராதது எது என்று தெரிய வேண்டுமானால் எதிர்பார்க்க வேண்டியது எது என்று பல வருஷம் பார்த்திருக்க வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
நீங்கள் இருவரும் வேறு வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. மான்ஜாஸ் பேசியது நேரில் நிற்கிற கூட்டத்துக்கு. மணிக்கணக்கில் வெயிலில் நிற்பார்கள், வீரர்கள் கடந்துபோவது சில விநாடி, அந்தக் காத்திருப்பு முழுவதையும் அவர்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். அலங்காநல்லூர் வாடிவாசலில் மைக் பிடிப்பவர் செய்வதும் இதுதான். மாடு யாருடையது, பிடித்தால் என்ன பரிசு, மாடு பிடிபடாமல் போனால் மாட்டுக்காரருக்கு என்ன என்று சொல்லிச் சொல்லியே அடுத்த மாடு வரும்வரை கூட்டத்தை உட்கார வைப்பார். டிவி அப்படி இல்லை, படம் கண் முன்னாலேயே இருக்கிறது, தெரிகிறதையே திரும்பச் சொன்னால் எரிச்சல்தான் வரும். வானொலி இன்னும் வேறு. எங்கள் வீட்டில் சென்னையிலிருந்து வந்த பெரியவர்கள் அப்துல் ஜப்பாரின் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையை இன்னும் பேசிப் பேசி மகிழ்வார்கள். பந்து எங்கே போனது என்று பார்க்காதவனுக்குக் காட்டுகிற வித்தை அது.

டிவியில் பேசுபவருக்கு எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிய வேண்டும், கஷ்டமே அதுதான். டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானில், 12 மணி நேர வரம்பு முடிகிற கடைசி நிமிஷத்தைப் பாருங்கள். நேரம் முடிந்தது என்று துப்பாக்கியால் சுடுகிறவர் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார், யாரையும் பார்த்து மனசு இளகிவிடக் கூடாது என்பதற்காக. சுட்டதும் கோட்டுக்கு ரெண்டடி முன்னால் இருப்பவருக்கும் பதக்கம் கிடையாது. அந்த நேரத்தில் பேசிக்கொண்டே போகும் வர்ணனையாளரை என்னால் மன்னிக்க முடியாது.

அமாஷோவா ஓட்டி:
நான் வருஷா வருஷம் மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரைக்கும் அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் மிதிப்பவன். எனக்கு வேண்டியது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கூட்டம் ஏன் உடைந்தது, அந்த ஆள் ஏன் திடீரென்று தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தான், இவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தவன் சொன்னால்தான் அது விளங்கும். ஷெர்வன் டூர் ஓட்டியவர். 1985இல் ஒரு நாள் ஆரம்பத்திலேயே விழுந்து, மீதித் தூரத்தைக் கிட்டத்தட்டத் தனியாகவே மிதித்து, நேர வரம்பு தாண்டி வந்து சேர்ந்தார். நடுவர்கள் விதியைத் தளர்த்தி அவரை இருக்க விட்டார்கள். கடைசி ஆளைப் பற்றி அவர் பேசினால் அதில் இரக்கம் இருந்தது என்றால் காரணம் அதுதான். வயசு 30ஆ 80ஆ என்பது எனக்கு முக்கியமில்லை.

ஜோபர்க் தம்பி:
டீச்சர் சொன்னதையும் இவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் அதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குகிறவருக்கு உள்ள தகுதி. பந்தயம் நடக்க நடக்கச் சொல்கிற முதல் குரலுக்குக் கண் பார்வையும் உடனடி முடிவும் வேண்டும். 2015 ஜூலை 18, மண்டேலா தினம், டூரில் அன்றைக்கு மெண்ட் ஊர் விமான ஓடுதளத்தில் முடிவு. பிரெஞ்சு வீரர்கள் பினோவும் பார்தேவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போக, பின்னாலிருந்து நம் தென்னாப்பிரிக்க அணியின் ஸ்டீவ் கமிங்ஸ் சீறி வந்து இருவரையும் தாண்டிவிட்டார். அந்த நொடியில் பிரெஞ்சுக்காரர்கள் மேலேயே கண் வைத்திருந்தால் ஜெயித்தவனைத் தவற விட்டிருப்பார்கள். மூத்தவர்களை அனுப்ப வேண்டாம், இரண்டாவது நாற்காலிக்கு மாற்றுங்கள்.

சாட்ஸ்வொர்த்காரன்:
இரண்டாவது நாற்காலி என்பது வாசல் வரை கொண்டுபோய் விடுகிற வழிதான் தம்பி. மெதுவாக மெதுவாக அவருக்குப் பேச நேரம் குறையும், அப்புறம் ஒரு ஜூலையில் ஆளே இருக்க மாட்டார். மெண்ட் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. முன்னால் போகிற இருவர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு போனால் மூன்றாமவன் வருவான் என்று ஆயிரம் பந்தயம் பார்த்தவன் முன்னாலேயே சொல்லுவான்.

ஜோபர்க் தம்பி:
சொல்லட்டும், ஆனால் வருகிறவன் யார் என்றும் சரியாகச் சொல்லட்டும். ஒரு நிபந்தனை வைக்கிறேன். முதல் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், முந்தின நாளே ஒவ்வொரு அணியிடமும் போய் வீரர்களின் பேரை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் செய்கிறவருக்கு 90 வயசானாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

சாட்ஸ்வொர்த்காரன்:
அந்த நிபந்தனை நியாயம். நாற்காலி விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை.