வீட்டில பைக் சில்லு கழட்ட என்னென்ன சாமான் வாங்கலாம்?

வெள்ளவத்தை_150:

150 சிசி பைக். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம், நடு ஸ்டாண்ட் இல்லை. டயர் மாத்தேக்க சில்லை நானே கழட்டி, அதை மட்டும் கடைக்குக் கொண்டுபோகலாம் எண்டு யோசினை. இடம் பிளாட்டுக்குக் கீழ பார்க்கிங், நிலம் டைல்ஸ். 108 துண்டு சொக்கெட் பெட்டி ஒண்டு பார்த்து வச்சிருக்கிறன். அதோட ஒரு ஸ்டாண்டும் எடுத்தா காணுமா? டோர்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில இறுக்கிறம் எண்டு அளக்கிற ரெஞ்ச்) கட்டாயமா, இல்லாட்டி கை அளவில இறுக்கினா சரியா?

மருதானை_ஸ்பனர்:

பெட்டியை விடுங்கோ தம்பி. 108 துண்டில முக்கால்வாசி சின்னச் சொக்கெட்டும் ஸ்குரூ பிட்டும்தான். அச்சு நட்டுக்கு வேண்டிய பெரிய சைஸ் அதில இல்லாமலும் போகலாம், இருந்தாலும் 12 மூலைச் சொக்கெட்டா இருக்கலாம். துருப்பிடிச்ச நட்டில அது மூலையைத் தின்னும். 6 மூலை, அரை அங்குல டிரைவ் சொக்கெட்டாத் தனித்தனியா எடுங்கோ. இந்த வகுப்பு பைக்குகளில அச்சு நட் 17, 19, 22, 24 மி.மீ. இதுக்குள்ளதான் அநேகமா வரும். வாங்க முதல் வேர்ணியர் கலிப்பரால நட்டின்ர இரண்டு தட்டைப் பக்கத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து போங்கோ.

அங்குலச் சொக்கெட்டைக் கட்டி விடப் பார்ப்பினம், கவனம். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ., 19க்குப் பிரச்சினையில்லாமப் பாவிக்கலாம். 7/8 எண்டா 22.2, 22 நட்டில கொஞ்சம் ஆடும். 15/16 எண்டா 23.8, 24 நட்டில ஏறவே ஏறாது.

சொக்கெட்டுக்கு 45 முதல் 60 செ.மீ. வரை நீளமான பிரேக்கர் பார் ஒண்டு வேணும். ரச்செட்டால இறுகின நட்டைக் கழட்டப் போனா உள்ளுக்குப் பல்லு போயிடும். அச்சின்ர மற்றத் தலையைப் பிடிக்க ஒரு ரிங் ஸ்பனர் வேணும், அந்தப் பக்கம் சைஸ் வேறயா இருக்கலாம், அதையும் அளவுங்கோ. அட்ஜஸ்டபிள் ஸ்பனரை இந்த வேலைக்குக் கிட்டவும் கொண்டு வராதேங்கோ.

சாமான் எடுக்கக் கொழும்பில பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் போங்கோ. நட், ஸ்பேசர் (அச்சில இடைவெளிக்குப் போடுற குழாய்த் துண்டு), பேரிங் மாதிரி பைக் பார்ட்ஸுக்கு பஞ்சிகாவத்தை.

கொட்டாஞ்சேனை_செயின்:

சொக்கெட் சரி, ஆனா முதல் காசு ஸ்டாண்டுக்குப் போகவேணும். பின் சில்லைத் தூக்கி நிறுத்துற பெடொக் ஸ்டாண்டில இரண்டு வகை. ஸ்விங் ஆர்மில (பின் சில்லைத் தாங்கிற சட்டம்) ஸ்பூல், அதாவது ஸ்டாண்ட் கொழுவுற உருளை, பூட்டத் துளை இருந்தா வி வடிவப் பிடி நல்லம், பைக் பக்கவாட்டில நழுவாது. துளை இல்லாட்டி எல் வடிவ ரப்பர் பிடி. எல் பிடி செயின் அட்ஜஸ்டரையோ அச்சு நட்டையோ மறைக்குதா எண்டு கடையிலயே வச்சுப் பாருங்கோ. மறைச்சா தூக்கின பிறகு சில்லு கழராது.

டைல்ஸில ஸ்டாண்ட் வழுக்கும். 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒண்டைக் கீழ போடுங்கோ. முன் பிரேக் லீவரைப் பழைய டியூப் துண்டால இறுக்கிக் கட்டிப்போட்டுத்தான் தூக்கவேணும். சைட் ஸ்டாண்டில சாய்ச்சு, கார் ஜக்கால முண்டு குடுக்கிற வேலை வேண்டாம். நட்டை இழுக்கேக்க பைக் ஜக்கை விட்டு இறங்கும்.

பெரிய நட்டை, சில்லு நிலத்தில இருக்கேக்கயே கால் சுத்து இளக்கிப்போட்டு, அதுக்குப் பிறகு தூக்குங்கோ. பிறகு பிரேக் ரொட் நட், ஸ்பிரிங், பின். அடுத்தது டிரம் தட்டைப் பிடிச்சிருக்கிற டோர்க் ஆர்ம். இதைத் திரும்பப் பூட்ட மறந்தா முதல் பிரேக்கிலயே டிரம் தட்டு சில்லோட சேர்ந்து சுத்தி, ரொட்டை முறிச்சு, சில்லைப் பூட்டிப்போடும். விழுறது உறுதி. அந்த நட்டில இருக்கிற கொட்டர் பின்னை ஒவ்வொரு தடவையும் புதுசாப் போடவேணும், விலை சில்லறைதான்.

இழுத்தெடுத்த அச்சில ஸ்பேசர்களை வந்த வரிசையிலயே கோர்த்து வையுங்கோ. இடது வலது நீளம் வேற வேற. மாறினா சில்லு ஒரு பக்கம் ஒதுங்கி, ஸ்பிரொக்கெட் செயினோட நேராகாது.

ஒரு விசயம்: ஹீரோ ஸ்பிளெண்டர் மாதிரி, செயின் முழுக்க மூடின பைக்கில செயின் பக்கம் ஒண்டுக்குள்ள ஒண்டா இரண்டு நட் இருக்கும். வெளியில இருக்கிற சின்னது அச்சு நட், உள்ளுக்கு இருக்கிற பெரியது ஸ்பிரொக்கெட்டைப் பிடிக்கிறது. பெரியதைத் தொடாட்டி செயினும் ஸ்பிரொக்கெட்டும் அப்பிடியே நிக்க, சில்லு மட்டும் வெளியில வரும்.

வெள்ளவத்தை_150:

நன்றி அண்ணாமார். கடற்கரைக்குக் கிட்ட எண்டபடியா அச்சு முழுக்கத் துரு. நட் கழண்டாலும் அச்சு வருமா எண்டு சந்தேகம். டோர்க் ரெஞ்ச் கேள்வியும் அப்பிடியே நிக்குது.

மருதானை_ஸ்பனர்:

உப்புக்காத்தில அச்சு பேரிங் உள்வளையத்தோடயும் ஸ்பேசரோடயும் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் இரவே இரண்டு பக்கமும் டபிள்யூடி-40 மாதிரி துரு இளக்கி அடிச்சு விடுங்கோ. அடுத்த நாள் நட்டை மரையின்ர நுனியோட சமனா வரும்வரை திருப்பி விட்டு, அதுக்கு மேல மரத்துண்டை வச்சு சுத்தியலால தட்டவேணும். வெறும் அச்சில இரும்புச் சுத்தியலால அடிச்சா மரை காளான் மாதிரி விரிஞ்சு, பிறகு நட் ஏறாது. கொஞ்சம் அசைஞ்ச உடனே ரிங் ஸ்பனரால அச்சுத் தலையை அங்கயும் இங்கயும் திருப்பினா துரு விடும். திரும்பப் போடேக்க துருவை எமரிக் கடதாசியால எடுத்து, மெல்லிசா கிரீஸ் பூசுங்கோ. மரையில பூசக்கூடாது. மரை வழுக்கினா டோர்க் ரெஞ்ச் அதே எண்ணைத்தான் காட்டும், ஆனா அச்சில ஏறுற இழுவிசை கூடிப்போகும்.

டோர்க் ரெஞ்ச் என்ர கணக்கில வேணும். இந்த வகுப்பில பின் அச்சு அநேகமா 60 முதல் 90 நியூட்டன் மீட்டர். உங்கட மனுவலில என்ன இருக்கோ அதுதான் முடிவு. 28 முதல் 210 வரை காட்டுற அரை அங்குல ரெஞ்ச் தாராளம். அதால நட்டைக் கழட்டாதேங்கோ, வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்கை ஆகக் குறைஞ்ச எண்ணுக்கு இறக்கி வையுங்கோ.

கொட்டாஞ்சேனை_செயின்:

இப்ப காசு காணாட்டி வேற வழி இருக்கு. பயணப்பெட்டி நிறுக்கிற டிஜிட்டல் தொங்கு தராசை, நட்டின்ர நடுவில இருந்து சரியா 30 செ.மீ. தூரத்தில ஸ்பனரில கொழுவி, ஸ்பனருக்குச் செங்குத்தா இழுங்கோ. 25 கிலோ காட்டினா 74 நியூட்டன் மீட்டர் அளவில இருக்கும். பஞ்சர் கடைகளில இம்பாக்ட் கன் மெசினால "டர்ர்" எண்டு அடிச்சு விடுறதை விட இது எவ்வளவோ திறம்.

கடைசியா இறுக்க முதல் செயின் தளர்வைப் பாருங்கோ (ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில இருக்கும், அநேகமா 25–35 மி.மீ.). இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே அளவில நிக்கவேணும். உள்ளுக்கு நைலோன் வளையம் இருக்கிற நட் கையாலயே நைலோனைத் தாண்டிப் போகுதெண்டா அதை எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுங்கோ.

தெஹிவளை_டிஸ்க்:

முன் சில்லைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. முன்னுக்குத் தூக்க ஃபோர்க்குக்குக் கீழ பிடிக்கிற வேற ஸ்டாண்ட் வேணும், அதுவும் பின் ஸ்டாண்ட் போட்ட பிறகுதான். லீவரைக் கட்டின டியூபை அவிழ்த்துப்போட்டுத்தான் சில்லை இறக்கவேணும். சில்லு வெளியில வந்த உடனே பிரேக் பேட் இரண்டுக்கும் இடையில மடிச்ச அட்டை வையுங்கோ. ஆரும் தவறி லீவரை அமத்தினா பிஸ்டன் வெளியில தள்ளி, டிஸ்க் திரும்பப் போகாது. ஸ்பீடோ மீட்டர் பெட்டி ஹப்பில இருந்தா, அதின்ர நாக்கு ஹப் வெட்டுக்குள்ள இருந்த பிறகு மட்டும் அச்சை இறுக்குங்கோ, இல்லாட்டி நசுங்கிப்போகும். சில்லைக் கடைக்குக் கொண்டுபோகேக்க டிஸ்க் பக்கம் மேல இருக்கட்டும், டயர் மாத்துறவருக்கும் அதைச் சொல்லிவிடுங்கோ. பூட்டி முடிச்சு, ஏறி ஓட முதல் லீவர் கல்லு மாதிரி வரும்வரை பம்ப் பண்ணுங்கோ. முதல் அமத்தில பிரேக் இராது.