பழைய சமையல் நோட்டில் படி, பலம், சேர்: இன்றைய அளவுக்கு மாற்றுவது எப்படி?

அஞ்சறைப்பெட்டி:
1957க்கு முந்திய கையெழுத்து நோட்டு ஒன்றை, பிள்ளைகளும் பார்த்துச் செய்யும்படி கிராம் கணக்கில் எழுதி வைக்கப் பார்க்கிறேன். அதிரசத்துக்கு இப்படி இருக்கிறது: ‘பச்சரிசி ௧ படி, வெல்லம் ௩௰ பலம், நெய் வ சேர், ஏலம் காலணாவுக்கு.’ படி என்றால் 1 லிட்டர் என்று வைத்தால் அரிசியைவிட வெல்லம் கூடுகிறது. கணக்கு எங்கே இடிக்கிறது?

தராசுமுள்:
முதலில் எழுத்து. ௧ என்றால் 1, ௩௰ என்றால் 30, வ என்றால் கால். ஆக வெல்லம் 30 பலம், நெய் கால் சேர்.

எடையில் பெரிய குழப்பம் இல்லை. சென்னை மாகாணக் கணக்கில் 3 தோலா 1 பலம், 8 பலம் 1 சேர், 5 சேர் 1 வீசை, 8 வீசை 1 மணங்கு. தோலா என்பது பழைய வெள்ளி ரூபாயின் எடை, 11.66 கிராம். அதனால் பலம் 35 கிராம், சேர் 280, வீசை 1.4 கிலோ. உங்கள் வெல்லம் 1,050 கிராம், நெய் 70 கிராம். இடிப்பது படியில்தான்.

நாழி உழக்கு:
ஆமாம், படிதான். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. இது பெரும்பாலும் பொது. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் (சென்னை) படி சுமார் 1.7 லிட்டர், சின்னப்படி சுமார் 1.34 லிட்டர். மெட்ரிக் முறை வந்தபின் கடைகளில் லிட்டர் அளவையையும் படி என்றே சொன்னார்கள். அதை இந்த நோட்டுக்குப் பொருத்தக் கூடாது.

எந்தப் படி என்பதை வெல்லமே காட்டிக்கொடுக்கும். பச்சரிசி லிட்டருக்கு ஏறக்குறைய 830 கிராம் நிற்கும். சின்னப்படியானால் அரிசி 1.1 கிலோ, வெல்லம் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. பட்டணம் படியானால் 1.4 கிலோ, வெல்லம் முக்கால் பங்கு. அதிரசத்துக்கு முக்கால் பங்குதான் பத்திரம். அதற்கு மேல் போகப் போக, எண்ணெயில் போட்டதும் கரைந்து பிரியும். எனவே உங்கள் நோட்டு பட்டணம் படியில் எழுதியது என்றே நினைக்கிறேன். வீட்டில் அந்தப் பழைய படி இருந்தால் தண்ணீர் நிரப்பி எடை போடுங்கள். 1 கிராம் 1 மில்லி, சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று: கோபுரமாக அளந்தார்களா, தலை தட்டினார்களா என்பதும் முக்கியம். வாய் அகன்ற படியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அளப்பது ஊறவைக்கும் முன், காய்ந்த அரிசியை.

முதலில் 250 கிராம் அரிசிக்கு 185 கிராம் வெல்லம் வைத்துப் பாருங்கள். ஊறிய அரிசியை நிழலில் துணியில் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டும்போதே இடிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த மாவில் அதிரசம் விறைத்துவிடும். தண்ணீரில் விட்ட பாகை விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். பிசைந்த மாவை ஒரு நாளாவது மூடி வையுங்கள்.

அஞ்சறைப்பெட்டி:
மிக்க நன்றி. ஏலக்காயை எப்படி எழுதுவது? அதோடு, மாங்காய் ஊறுகாய்க்கு ‘உப்பு ௧ உழக்கு’ என்று இருக்கிறதே?

தராசுமுள்:
காலணா என்பது ரூபாயில் 64ல் ஒரு பங்கு. அந்த ஆண்டின் கடை விலை தெரியாமல் அதை எடையாக்க வழியில்லை. நோட்டில் உள்ளதை அப்படியே எழுதி, பக்கத்தில் இன்றைய அளவாக 250 கிராம் அரிசிக்கு 4 காய் என்று குறியுங்கள்.

உப்பு விஷயத்தில் கவனம். அது கல் உப்புக் கணக்கு. கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். அதே உழக்கில் தூள் உப்பை அளந்தால் எடை கூடி ஊறுகாய் கரிக்கும். பட்டணம் படி உழக்கு 425 மில்லி. அந்த அளவுக்குக் கல் உப்பை அளந்து, எடை போட்டு, கிராமை எழுதி வையுங்கள். குறைக்கலாம் என்று கை வைக்காதீர்கள். உப்பு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும்.