திலாப்பியாத் துண்டு ஓவனில் வைச்சால் ஏன் இவ்வளவு தண்ணி விடுது?

குளக்கட்டு (கிளிநொச்சி):
இரணைமடுத் திலாப்பியா. தோல் உரிச்சு முள்ளெடுத்து, உப்பு, மிளகு, தேசிக்காய்ப்புளி பிரட்டி ஒரு மணித்தியாலம் ஊற வைக்கிறது. பிறகு 30 லீற்றர் கரண்ட் ஓவனில் ஃபொயிலால மூடி, 180 பாகையில் 25 நிமிசம். தட்டு முழுக்கத் தண்ணி, மேலால வெள்ளை வெள்ளையாக் கட்டி, மீன் சப்பெண்டு இருக்கு. சேத்து மணமும் முழுசாப் போகேல்ல. எங்க பிழை?

கொக்கிளாய்க்காத்து:
முதல் ஃபொயிலைக் கழட்டுங்கோ. மூடி வைச்சால் அது அவியல்தான். அடுத்தது நேரம். மீனுக்கு நிறை பார்க்கிறேல்ல, தடிப்புத்தான் கணக்கு. 200 பாகையில் ஒரு அங்குலத் தடிப்புக்கு 10, 12 நிமிசம் காணும். திலாப்பியாத் துண்டு அவ்வளவு தடிப்பு வராது, 7 நிமிசத்திலயே பார்க்கத் தொடங்கோணும். 25 நிமிசம் விட்டால் சதை சுருங்கித் தன்ர தண்ணியைத் தானே பிழிஞ்சு விடும். அந்த வெள்ளைக் கட்டி கொழுப்பில்லை, புரதம். கூடச் சூடு பட்டால்தான் அவ்வளவு வெளிய வரும்.

தடிச்ச இடத்தில முள்ளுக்கரண்டியைக் குத்தி மெல்லத் திருப்புங்கோ. கண்ணாடி மாதிரி இருந்த சதை பால் நிறமாகி, இதழ் இதழாக் கழண்டால் எடுக்கலாம். வெப்பமானி இருந்தால் நடுவில 63 பாகை. வால் நுனியை அடியில மடிச்சு வையுங்கோ, இல்லாட்டி நடு வேகிறதுக்கிடையில அது காஞ்சு போகும்.

பாலியாறு:
மேல சொன்னது சரி, ஆனால் தேசிக்காயை விட்டிட்டியள். ஒரு மணித்தியாலம் புளியில கிடந்தால் ஓவனுக்குப் போக முன்னமே மேல்சதை வெளிறி இறுகிப் போகும். 10 நிமிசம் போதும், பிறகு கழுவிப்போடுங்கோ.

சேத்து மணத்துக்குக் காரணம் ஜியோஸ்மின். குளத்து நீலப்பச்சைப் பாசியும் சில பக்டீரியாவும் உண்டாக்கிறது. புளி அதைக் கொஞ்சம் உடைக்கும், முழுக்க இல்லை. அது கொழுப்பிலதான் தங்கும், அதால நடுவில ஓடுற கருஞ்சிவப்புச் சதையையும் வயித்துப் பக்கத்து மெல்லிய சவ்வையும் கத்தியால சீவி எறியுங்கோ. புளியை விட இதுதான் கூட வேலை செய்யும்.

கழுவின பிறகு 1 லீற்றர் குளிர்தண்ணியில 50 கிராம் உப்புக் கரைச்சு 15 நிமிசம் போடுங்கோ. சதை தண்ணியைப் பிடிச்சு வைக்கும், வெள்ளைக் கட்டியும் குறையும். பிறகு வேற உப்பு வேண்டாம். எடுத்துப் பருத்தித் துணியால ரெண்டு பக்கமும் ஒத்தி, கை வைச்சால் ஒட்டுற மாதிரி வரும் வரைக்கும் ஈரத்தை எடுக்கோணும். ஈரம் இருந்தால் ஓவன் சூடெல்லாம் அதை ஆவியாக்கத்தான் போகும், மேல் நிறம் வராது. கடைசியா அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மிளகு.

குளக்கட்டு:
நன்றி. கொடுவா, பாரை எண்டாலும் இதே கணக்கோ? மேலால ரஸ்க்தூள் போடலாமோ?

கொக்கிளாய்க்காத்து:
கொடுவாவுக்கு இதே கணக்குத்தான், தடிச்ச துண்டெண்டால் 14 நிமிசம் வரைக்கும் போகும். கடல் மீனுக்குப் புளி ஊறலே தேவையில்லை, சாப்பிடேக்க பிழிஞ்சால் காணும். பாரை கெதியாக் காயும், உருக்கின பட்டரை நல்லாப் பூசுங்கோ. உள்ளியைப் பச்சையாத் தூவினால் கருகிக் கைக்கும், அந்தப் பட்டரிலயே வதக்கி இறக்கின பிறகு ஊத்துங்கோ.

ரஸ்க்தூளை அப்பிடியே தூவினால் அது சிவக்கிறதுக்கிடையில மீன் அளவுக்கு மேல வெந்திடும். தாச்சியில 4 மேசைக்கரண்டித் தூளை 1 மேசைக்கரண்டி பட்டரோட பொன்னிறமா வறுத்துப்போட்டு அப்புங்கோ.

பாலியாறு:
இன்னொண்டு. பின்னேரத்தில வோல்டேஜ் இறங்கிற இடமெண்டால் கவனம். 230 இருக்க வேண்டியது 207க்கு வந்தால் சூட்டுக்கம்பி கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்கு வலுவை இழக்கும். வெறும் தட்டை உள்ள வைச்சே 20 நிமிசம் முற்சூடாக்கி, சூடான தட்டில மீனை வையுங்கோ. கதவை அடிக்கடி திறக்க வேண்டாம்.