நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை அஞ்சலட்டையின் காலத்தை அறிவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட மன்னர் இரண்டாம் லூட்விக் கட்டிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையின் பட அஞ்சலட்டைகளைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். அஞ்சல் முத்திரை விழுந்தவற்றில் தேதி இருப்பதால் சிக்கல் இல்லை. ஆனால் யாரும் எழுதி அனுப்பாத பழைய அட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் இருப்பது கோட்டைக்கு அருகிலுள்ள மரியன் பாலத்திலிருந்து தெரியும் வழக்கமான காட்சி. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அங்கே நின்றே படமெடுத்திருப்பதால், இதன் காலத்தை எதைக் கொண்டு கணிப்பது என்று புரியவில்லை.

பதில் 1:
முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஜெர்மனியில் 1905 வரை பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியதாக இருந்தது. செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும் என்பதால், அக்கால அட்டைகளில் படத்தை ஒட்டி வெற்றிடம் விட்டிருப்பார்கள். முகவரியையும் செய்தியையும் பிரிக்கும் கோடு பின்புறத்தின் நடுவில் இருந்தால் அது 1905 அல்லது அதற்குப் பிந்தையது. வெளியீட்டாளர் முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1993க்கு முன் செல்லவே முடியாது.

பதில் 2:
அதோடு ஒரு நல்ல லென்ஸ் வைத்தும் பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது ஆஃப்செட் போன்ற புள்ளித்திரை அச்சு. புள்ளிகளே இல்லாமல் புழு நெளிந்ததுபோல் நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால் அது கொலோடைப் என்னும் பழைய அச்சு முறை. அம்முறையை மியூனிக்கில் செம்மைப்படுத்திய யோசப் ஆல்பர்ட் லூட்விக்கின் அரசவைப் புகைப்படக்காரராகவும் இருந்தவர் என்பதால், இக்கோட்டையின் கொலோடைப் அட்டைகள் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

படமும் பேசும். மன்னர் 1886 ஜூனில் இறந்தபோது, கெமனாட்டெ எனப்படும் மகளிர் மாளிகையின் சுவர்கள் எழும்பியிருக்கவில்லை. 1892இல்தான் அது எளிய வடிவில் முடிக்கப்பட்டது. பாலத்திலிருந்து பார்க்கையில் பெரிய மாளிகைக்கு வலப்பக்கம் அது தெரியும். ஆனால் பழைய படத்தைப் பின்னாளிலும் அச்சிட்டு விற்றிருக்கக்கூடும் என்பதால், படம் சொல்வது எடுத்த காலத்தை மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பின்புறத்தில் கோடு இல்லை, லென்ஸில் நெளிந்த சுருக்கங்களே தெரிகின்றன, மகளிர் மாளிகையும் முழுமையாக நிற்கிறது. எனவே 1892க்கும் 1905க்கும் இடைப்பட்டது என்று, அட்டையில் அல்லாமல் அதன் காகித உறையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.