ஒரே ஒரு நட்சத்திர உருவப்படம் இருக்கும் கண்காட்சியை எப்படி மதிப்பிடுவது?

தேக்கா_வாசகர்:
வணக்கம். எங்கள் வட்டத்தைச் சேர்ந்த ஆறு தொண்டூழியர்கள் இங்கே சிங்கப்பூரில் நடக்கும் ஒரு கண்காட்சியைப் பார்த்து, ஏற்பாட்டாளர்களுக்கு நான்கு பக்க அறிக்கை தரவேண்டும். பிரபல தமிழ்த் திரைக்கலைஞர் ஒருவரின் ஆளுயர எண்ணெய் வண்ண உருவப்படம்தான் மையம். தனி அறை, கண்ணாடி போட்ட சட்டம், சுற்றிலும் சில புகைப்படங்கள், ஒரு காணொளி, நான்கு மொழிகளிலும் விளக்கப் பலகை. “அப்படியே அவரைப் போலவே இருக்கு” என்பதைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், வருவோரிடம் என்ன கேட்க வேண்டும்? ஏற்பாட்டாளர்கள் அனுமதி தந்துவிட்டார்கள். அறை இன்னும் ஆறு வாரம் திறந்திருக்கும்.

வண்ணக்கோல்:
மனிதர் வேறு, ஓவியம் வேறு, கண்காட்சி வேறு. மூன்றுக்கும் தனித்தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரப் படங்களில் மதிப்பீடு தடுமாறுவது இங்கேதான். ஆளை அடையாளம் கண்ட சந்தோஷத்தை ஓவியர் கணக்கில் எழுதிவிடுகிறோம். கூட்டம் வந்ததைக் கண்காட்சியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஓவியத்தை முகத்திலிருந்து பார்க்கத் தொடங்காதீர்கள். முகத்தில் யாரும் உயிரைக் கொடுத்து உழைத்திருப்பார்கள். கை, காது, தாடையின் அடிப்பகுதி, கழுத்தைச் சட்டை தொடும் விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை போட்டவரின் தாடைக்கு அடியில் அந்த வெள்ளை கொஞ்சம் எதிரொளித்து நிழலை இளக்கியிருக்கும். அங்கே ஒரே சீரான பழுப்பு மட்டும் இருந்தால் தலையும் உடம்பும் சேராமல் நிற்கும்.

நம்மவர் தோல் நிறத்துக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள், அதற்குத் தகுதியான விஷயம் அது. பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் டைட்டேனியம் வெள்ளையைக் கலந்தே வெளிச்சப் பகுதிகளை ஏற்றினால் நிறம் குளிர்ந்து சாம்பல் பூத்துவிடும். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் புகை படிந்த மாதிரி ஆகும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் சேர்ந்த நிழல் ஆழமாகவும் இருக்கும், உயிரோடும் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அமர்ந்த கரிய முகத்தில், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் பளபளப்பு சிறியதாக, விளிம்பு தெளிவாக, லேசான நீலச் சாயலோடு இருக்கும். அதை வெறும் வெள்ளைப் புள்ளியாக வைத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. இரு விழியிலும் வட்டமான அல்லது சதுரமான ஸ்டூடியோ விளக்கின் மினுமினுப்பு, கிட்டத்திலிருந்து எடுத்ததால் பெருத்த மூக்கு, உள்ளே எதுவும் தெரியாத இருண்ட நிழல், பல் தெரிய உறைந்த சிரிப்பு. இதெல்லாம் தன்னளவில் குறையல்ல. 2018ல் வாஷிங்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் திறந்துவைக்கப்பட்ட ஒபாமா தம்பதியின் படங்களை வரைந்த கெஹின்டே வைலி, ஏமி ஷெரால்ட் இருவருமே புகைப்படம் எடுத்து அதிலிருந்து வேலை செய்பவர்கள். மாறாக, ஓவியர் டேவிட் ஹாக்னி 2022ல் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸை நார்மண்டியில் எதிரே உட்காரவைத்து வரைந்தார். புகைப்படத்தில் இல்லாத எதை ஓவியர் சேர்த்தார் என்பதே நீங்கள் கேட்க வேண்டியது. வைலி ஒபாமாவைச் சுற்றி ஹவாய்க்கு மல்லிகை, சிகாகோவுக்குச் செவ்வந்தி, கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல அல்லி என்று பூக்களை வைத்தார். ஒரு வாழ்க்கைக் குறிப்பு சொல்ல வேண்டியதைச் செடிகளே சொல்கின்றன. ஷெரால்ட் மிஷல் ஒபாமாவின் தோலைச் சாம்பல் நிறத்தில் வரைந்தது அவர் எல்லாப் படங்களிலும் எடுக்கும் முடிவு. “அவரைப் போலவே இல்லையே” என்று பலர் சொன்னார்கள். அந்த முடிவைப் பலகை விளக்காவிட்டால் பழி ஓவியர்மேல்தான் விழும்.

போவதற்கு முன் தேசியக் கலைக்கூடத்தில் ஓவியர் ஜார்ஜெட் சென்னின் தன்னுருவப்படத்தைப் பாருங்கள். 1946 வாக்கில் வரைந்தது, மிகச் சிறியது, ஆளைத் தெரியாதவரையும் நிறுத்திவைக்கும். அதற்கு நேரெதிராக, தேசிய அரும்பொருளகத் தொகுப்பில் ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த காலனிய ஆளுநர் சுவெட்டன்ஹாமின் முழு உருவம் உண்டு. வெள்ளைச் சீருடையே பாதி வேலையைச் செய்துவிடும். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு போனால் உங்கள் படம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

சட்டமும்_சுவரும்:
வண்ணக்கோல் சொன்ன தோல் நிற விஷயத்தில் பாதிப் பொறுப்பு விளக்குக்கு. சிவப்பை நன்றாகக் காட்டாத எல்இடியில் கரிய தோல் பச்சையும் சாம்பலுமாகத் தெரியும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் நிறக்காட்டு மதிப்பு (சிஆர்ஐ) 90க்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். அந்தச் சராசரியில் அடர்சிவப்பு சேராது. அடர்சிவப்புக்கான ஆர்9 என்ற தனி எண்ணையும் கேளுங்கள்.

இதைவிட அதிகம் தவறுவது சுவர் நிறம். பளிச்சென்ற வெள்ளைச் சுவரில் கரிய முகத்தை மாட்டினால், கண் சுவருக்குப் பழகிக்கொண்டு முகத்தை இருட்டாகப் பார்க்கும். ஓவியர் நிழலுக்குள் செய்த வேலை முழுக்க மறைந்துபோகும். நடுத்தரச் சாம்பலோ ஆழ்ந்த நிறமோ இருந்தால் அதே விளக்கில் கன்னத்தின் வளைவு தெரியவரும். சோதிக்க எளிய வழி: இரண்டு கைகளையும் கண்ணோரம் வைத்துச் சுவரை மறைத்துப் பாருங்கள். முகம் சட்டென்று தெளிந்தால் குறை சுவரில்.

ஒளியளவு: எண்ணெய் வண்ணத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 200 லக்ஸ். பக்கத்தில் இருப்பவை அசல் புகைப்படங்களோ தாளில் வரைந்தவையோ என்றால் 50 லக்ஸ் போதும். கைத்தொலைபேசிச் செயலியை நம்பாதீர்கள், ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு எண் வரும். அரும்பொருளக ஊழியரிடம் அவர்கள் அளந்த எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

விளக்கின் கோணம்: ஒளி செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்து விழ வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் சட்டத்தின் மேல்விளிம்பு நிழல் தலைமுடிமேல் விழும். அதிகம் படுத்துவிட்டால் கண்ணாடியில் கூசும், பார்ப்பவரின் நிழலும் படத்தில் விழும். உங்களில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து படத்துக்கு நேரே நிற்கட்டும். கறுப்பு உடை, இருண்ட பின்னணிப் பகுதிகளில் அந்தச் சட்டை தெரிந்தால் அது சாதாரணக் கண்ணாடி, எதிரொளி குறைத்தது அல்ல. நடுவில் மட்டுமின்றி இரண்டு பக்கமும், குழந்தை உயரத்துக்குக் குனிந்தும் பாருங்கள். எதிரே காணொளித் திரை இருந்தால் அதுவும் கண்ணாடிக்குள் ஓடும்.

உயரம்: சிறிய படங்களுக்கு நடுப்புள்ளி தரையிலிருந்து 145–155 செ.மீ. என்பது பழக்கம். ஆளுயரப் படத்துக்கு அது சரிவராது. 200 செ.மீ. படத்தை அந்தக் கணக்கில் மாட்டினால் அவருடைய கண்கள் ஏறக்குறைய 225 செ.மீ.யில் போய் நிற்கும். எல்லாரும் அண்ணாந்து பார்க்க, அவர் குனிந்து பார்ப்பார். கீழ்விளிம்பைத் தரையிலிருந்து 20 செ.மீ.க்கு இறக்கினால் கண்கள் 195க்கு வரும். எந்த உயரத்தைத் தேர்ந்தார்கள், ஏன் என்று கேளுங்கள். முழுப் படமும் ஒரே பார்வையில் அடங்க எதிரே மூன்று மீட்டராவது காலியாக இருக்க வேண்டும்.

நம்மூர் ஈரப்பதம் வெளியே 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அறைக்குள் 40–60க்குள் நிலையாக இருக்கிறதா, குளிர்சாதனக் காற்று நேரே படத்தில் அடிக்கிறதா என்று பாருங்கள். கித்தான் (ஓவியம் வரைந்த துணி) நீள்வதும் சுருங்குவதுமாக இருந்தால் வண்ணம் வெடிக்கும்.

பார்வையாளர்_கணக்கு:
“பிடித்திருந்ததா?” என்று கேட்காதீர்கள். ரசிகர்கள் நடிகருக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள்.

முதலில் சும்மா கவனியுங்கள். வாசலில் மனத்துக்குள் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டும் ஒவ்வோர் ஐந்தாவது ஆளையும் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் பிடித்தவரைப் பொறுக்கக்கூடாது. ஐம்பது அறுபது பேர் போதும். வார நாளும் வார இறுதியும் பாதிப் பாதி. படத்துக்கு முன் எத்தனை நொடி, முதலில் பார்த்தது படத்தையா பலகையையா, படத்துக்கு முதுகைக் காட்டித் தன்படம் (செல்ஃபி) எடுத்தாரா, எடுத்தபின் திரும்பிப் பார்த்தாரா, மறுபடி வந்தாரா. இந்த ஐந்தும் ஒரே தாளில். பெயர், முகம் எதையும் பதியாதீர்கள். கணக்கெடுப்பு நடக்கிறது என்று வாசலில் ஓர் அறிவிப்பு வையுங்கள்.

நேரத்தைச் சராசரியாகத் தராமல் இடைநிலையாக (எல்லா நேரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) தாருங்கள். காரணம், ஓரிருவர் பத்து நிமிடம் நின்றால் சராசரி ஏறிவிடும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2001ல் வெளியான ஆய்வில் ஓர் ஓவியத்துக்குச் சராசரி 27.2 நொடி, இடைநிலை 17 நொடிதான். சிகாகோவில் 2017ல் அதை மீண்டும் செய்தபோது 28.6, 21. இப்போதெல்லாம் இந்த நேரத்தில் தன்படம் எடுப்பதும் கலந்துவிடும். நீங்கள் அதைப் பிரித்தே எழுதுங்கள். உங்கள் அறிக்கையில் மிகப் பயனுள்ள எண் இதுவாகத்தான் இருக்கும்: அடையாளம் கண்டபிறகும் எத்தனை பேர், எவ்வளவு நேரம், ஓவியத்தைப் பார்த்தார்கள்.

வெளியே வருபவர்களில் முப்பது பேரிடம் மூன்றே கேள்வி. கையில் என்ன வைத்திருந்தார்? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? ஏற்கெனவே தெரியாத எது தெரிந்தது? நடிகரையே தெரியாத சீன, மலாய்ப் பார்வையாளர்களின் பதில்களைத் தனியே தொகுங்கள். ஓவியத்துக்கு அவர்கள்தான் உண்மையான சாட்சி.

பலகைக்கு ஒரு சோதனை. நடிகர் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். வேறொரு நடிகரின் படத்துக்கும் அந்த வரிகள் பொருந்துமா? பொருந்தினால் அது படத்தைப் பார்க்காமலே எழுதிய குறிப்பு. படத்துக்குள் ஓர் இடத்தையாவது சுட்டும் வாக்கியம் ஒவ்வொரு மொழியிலும் இருக்க வேண்டும். தமிழ் கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால் எழுத்தைச் சுருக்கிவிடுவார்கள், அதையும் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

தேக்கா_வாசகர்:
மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அவருடைய பிரபலமான விளம்பரப் புகைப்படம் ஒன்றின் சாயல் படத்தில் அப்படியே தெரிகிறது. அதை அறிக்கையில் எழுதலாமா?

உரிமை_கேள்வி:
எழுதலாம், ஆனால் குற்றச்சாட்டாக அல்ல. தலைச் சாய்வு, விழி மினுமினுப்பு, சட்டை மடிப்பு மூன்றும் பொருந்தினால் “இந்தப் புகைப்படத்தை ஒத்திருக்கிறது, பலகையில் குறிப்பு இல்லை” என்று மட்டும் எழுதி, மூலத்தைக் குறிப்பிடும்படி பரிந்துரையுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலிருக்கும் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளருக்குத் தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தருகிறது. பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படமாக இருந்தாலும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, முதல் உரிமை இப்போது ஓவியருக்கே. நினைவுப்பொருள் கடையில் அந்தப் படம் போட்ட அட்டையோ பையோ விற்றால், யாருடைய அனுமதி பெற்றார்கள் என்று கேட்பது நியாயம். பாடகர் பிரின்ஸின் புகைப்படத்திலிருந்து ஓவியர் ஆண்டி வார்ஹால் செய்த படத்தைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023ல் புகைப்படக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கேயும் சிக்கல் வந்தது படத்தை உரிமத்துக்கு விற்ற இடத்தில்.

சட்டமும்_சுவரும்:
மூன்று தாள்களின் மதிப்பெண்ணைக் கூட்டி ஒரே எண்ணாகத் தராதீர்கள். நல்ல ஓவியம் மோசமான அறையில் இருந்தது என்று சொல்ல வழியில்லாமல் போய்விடும். விளக்கு, பலகை பற்றிய குறிப்புகளை முதல் வாரமே தனியாக அனுப்பிவிடுங்கள். விளக்கைத் திருப்புவதும் பலகையை மறுஅச்சு செய்வதும் கண்காட்சி நடக்கும்போதே முடியும். வாஷிங்டனில்கூட மிஷல் ஒபாமாவின் படத்தைக் கூட்டம் தாங்காமல் சில வாரங்களிலேயே விசாலமான வேறு அறைக்கு மாற்றினார்கள். மாற்றியபிறகு அதே ஐந்தாவது ஆள் கணக்கில் இன்னொரு முப்பது பேரை அளந்து, முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.